அடுத்த வீட்டாரின் மொழியில் ஒரு வாழ்த்து



மலைப்பிரசங்கத்தில் சத்துருக்களைச் சிநேகிப்பதைப் பற்றி ஆண்டவர் பேசும் பகுதியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அதன்மேல் பிரசங்கங்களும் கேட்டிருக்கிறோம். ஆயினும் மத்தேயு 5ஆம் அதிகாரம் 47ஆம் வசனத்தில் நின்று தியானிப்பவர்கள் மிகச் சிலரே. சொந்த ஜனத்தாருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லித் திருப்தியடைகிறவர்கள் உலகத்தாரிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டவர்கள் அல்லர் என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். சத்துருவை நேசிப்பதாகிய கடினமான கட்டளைக்கு அருகிலேயே, வழியில் எதிர்ப்படுகிறவருக்குச் சொல்லும் சாதாரண வாழ்த்தையும் ஆண்டவர் வைத்திருக்கிறார்.

நெதர்லாந்தில் வாழும் தமிழ்ச் சபையாகிய நாம் இவ்வசனத்தை எவ்வாறு வாசிக்கப்போகிறோம்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைந்ததும் ஒருவரையொருவர் "ஸ்தோத்திரம்" என்று வாழ்த்துகிறோம். கைகளைப் பற்றிக்கொள்கிறோம், பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். திங்கட்கிழமை காலையில் நம் வீட்டுக் கதவும் எதிர்வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன சொல்கிறோம்? பலர் தலையசைத்துப் புன்னகைக்கிறார்கள். சிலர் கைப்பேசியைப் பார்த்தபடியே மின்தூக்கியை நோக்கி நடந்துவிடுகிறார்கள்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டில் வாழும் நம் விசுவாசிகள் ஒவ்வொருவரும், எழுபது வயதைக் கடந்த தாய்மார் உட்பட, அன்றாட வாழ்த்துச் சொற்களை டச்சு மொழியில் கற்றுக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடுவது நியாயமாகாது. மொழி முழுவதையும் கற்றுத் தேர வேண்டும் என்று நான் இங்கே வாதிடவில்லை. அதற்குக் காலமும் பணமும் வேண்டும். இரவுப் பணிக்குச் சென்று திரும்புகிறவர்களிடம் அதைக் கேட்பது எளிதன்று. நான் கேட்பது பத்துப் பன்னிரண்டு சொற்களை மட்டுமே.

நம் சபையில் இரண்டு வரலாறுகள் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கின்றன. 1980களின் நடுப்பகுதியில் இலங்கையின் போருக்குத் தப்பி அகதிகளாக இங்கு வந்தவர்கள் ஒரு சாரார். அவர்களைக் கட்டாயப்படுத்த அன்று ஒரு சட்டமும் இல்லை. புதிதாய் வருவோருக்கான முதல் ஒருங்கிணைப்புச் சட்டம் 1998இல்தான் வந்தது. எனினும் தொழிற்சாலைகளிலும் உணவக அடுக்களைகளிலும் பூந்தோட்டங்களிலும் நின்று, உடன் வேலை செய்தவர்களின் வாயிலிருந்தே அவர்கள் டச்சு மொழியைப் பொறுக்கிக்கொண்டார்கள். அதன்பின் சட்டம் இறுகியது. 2006 முதல், திருமணமாகி இங்கு வர விரும்பும் இலங்கை, இந்தியப் பெண்கள் தங்கள் நாட்டிலுள்ள நெதர்லாந்துத் தூதரகத்திலேயே அடிப்படைத் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமோ அதைவிட உயர்ந்த நிலையை எதிர்பார்க்கிறது.

மற்றொரு சாரார் அண்மை ஆண்டுகளில் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய நகரங்களிலிருந்து ஐந்தோவன், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களின் நிறுவனங்களுக்கு வந்த பொறியாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். திறன்மிகு பணியாளர்கள் என்னும் வகையில் வந்தவர்களாதலால் சட்டம் இவர்களை மொழித்தேர்விலிருந்து விலக்கியிருக்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலம், பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளி, சபையில் தமிழ். ஐந்து ஆண்டுகள் கடந்தும் ஒரு காலை வணக்கத்தைக்கூட டச்சு மொழியில் சொல்லாமல் வாழ இந்நாட்டில் முடிகிறது. அன்பான வாலிபச் சகோதரரே, உங்களைக் குற்றவாளிகளாக்க இதை நான் எழுதவில்லை. அரசாங்கம் உங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. பிறனை நேசிக்கும் கட்டளையில் அப்படி ஒரு விலக்கை என்னால் காண முடியவில்லை.

"நாங்கள் டச்சு மொழியில் தொடங்கினாலும் அவர்கள் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்களே, பாஸ்டர்" என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். நம் உச்சரிப்பைக் கேட்ட நொடியே அவர்கள் மொழி மாறிவிடுகிறார்கள். உதவி செய்யும் எண்ணத்தினாலேயே அவ்வாறு செய்கிறார்கள். ஆனால் இதில் சுமை யார்மேல் விழுகிறது என்று சிந்தியுங்கள். தன் சொந்த வீட்டு வாசற்படியில், தன் சொந்த ஊரில் நிற்கும் மனிதர், நமக்காக அந்நிய மொழியைச் சுமக்கிறார். அடுத்த முறை அவ்வாறு நேர்ந்தால், "மஃக் இக் மெட் யூ நேடெர்லன்ஸ் ஊஃபெனென்?" என்று கேளுங்கள். "உங்களோடு டச்சு மொழியைப் பயிலலாமா?" என்பது பொருள். இதைக் கேட்டு முகம் சுளித்த ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

மேலும், ஆங்கிலம் எல்லாருக்கும் எட்டுவதன்று. நம் தெருக்களில் தனித்து வாழும் எண்பது வயது முதியோர் பலர் ஆங்கிலத்தில் தயங்குகிறவர்கள். முதியோரின் தனிமை இந்நாட்டின் பெருந்துயரங்களில் ஒன்று. 2019இல் ஃப்ளைமென் என்னும் ஊரில் யம்போ பல்பொருள் அங்காடி "கிளெட்ஸ்காசா" என்ற ஒன்றைத் திறந்தது. பேச்சுக் கல்லா என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவசரமில்லாதவர்கள், பணம் செலுத்தும்போது காசாளரோடு சற்று நேரம் பேசிவிட்டுப் போவதற்கென்றே அமைந்த வரிசை அது. பிற்பாடு மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. ஒரு வணிக நிறுவனம் கண்டுகொண்ட தேவையை, அதே தெருவில் வேதாகமத்தோடு நடந்து போகும் நாம் காணாமல் போகலாமா?

நம்மவரின் மௌனம் பெருமையினால் வருவதன்று என்பதை நான் நன்கு அறிவேன். நம் கிராமங்களில் காலை வணக்கம், மாலை வணக்கம் என்று மணிக்கொரு சொல் சொல்லும் வழக்கம் இருந்ததில்லை. "சாப்பிட்டாச்சா?", "எங்கே தூரமாய்?" என்பவையே நம் வாழ்த்துகள். கேட்பவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. உன்னைக் கண்டேன், நீ என் மனிதன் என்று சொல்வதற்காகக் கேட்கிறார். அதே கேள்வியை ஒரு டச்சுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நான் எங்கே போனால் இவருக்கு என்ன என்று அவர் திகைப்பார். மறுபுறம், அவர்கள் மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது அங்கிருக்கும் முன்பின் அறியாத எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அமர்கிறார்கள். நாம் ஓசையின்றி நுழைந்து மூலையில் அமர்கிறோம். நமக்கு அது அடக்கம். அவர்கள் கண்ணுக்கு அது புறக்கணிப்பாய்த் தோன்றுகிறது. இருவர் மனத்திலும் தீங்கில்லை. இடையில் ஒரு சொல் மட்டும் குறைவுபடுகிறது.

டச்சு மொழி என்றவுடன் நம்மவர் அஞ்சுவது, தொண்டையை உரசிக்கொண்டு வரும் அந்த ஒலிக்குத்தான். ஆங்கிலம் கற்ற நாவுக்கு அது புதிது. தமிழ் நாவுக்கு அவ்வளவு புதிதன்று. "எஃகு", "அஃது" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தோடு நாம் மறந்துவிட்ட ஆய்த எழுத்து இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ஆகவே காலை வணக்கத்தை "ஃகூடெமோர்ஃகென்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பின் "ஃகூடெமிடஃக்". மாலை ஆறு மணிக்குப் பின் "ஃகூடெனாவொன்ட்". "வெல்டெருஸ்டென்" என்பது நன்றாய் இளைப்பாறுங்கள் என்று உறங்கப் போகிறவருக்குச் சொல்வது. இரவு எட்டு மணிக்குக் கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். தெற்கே லிம்பர்க், பிரபாண்ட் பகுதிகளில் இந்தத் தொண்டை ஒலி மென்மையாகிவிடுகிறது. வடக்கே போகப்போகக் கரகரப்பு மிகுகிறது.

உச்சரிப்புக்காக அஞ்சுகிறவர்களுக்கு நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை நினைப்பூட்டுகிறேன். யோர்தான் துறையில் ஒரு சொல்லைச் சரியாய் உச்சரிக்கத் தெரியாதவர்களை அங்கே வெட்டிப்போட்டார்கள். இந்நாட்டு முதியோரும் இதையொத்த ஒரு கதை சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரை இனங்காண, "ஸ்ஃகேவெனிங்கென்" என்னும் கடற்கரை ஊரின் பெயரைச் சொல்லச் சொல்வார்களாம். இன்று அந்தத் துறையில் வாளோடு நிற்பவர் எவரும் இல்லை. பிழையாய்ச் சொன்னால் ஒரு புன்னகை கிடைக்கும். சில வேளைகளில் இலவசமாய் ஒரு பாடமும் கிடைக்கும்.

வேறு சில சொற்களும் உண்டு. பகல் என்று பொருள்படும் "டஃக்" என்னும் சிறு சொல் சந்திக்கும்போதும் உதவும், பிரியும்போதும் உதவும். "டொட் ஸீன்ஸ்" என்றால் மீண்டும் காணும்வரை என்பது பொருள். நாம் "போகிறேன்" என்று சொல்லாமல் "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்வதன் கருத்து அதற்குள்ளும் இருக்கிறது. இளையோர் வரும்போது "ஹொய்", போகும்போது "டூய்" என்று முடித்துக்கொள்வார்கள். குரோனிங்கன் பக்கம் போனால் "மொய்" என்பார்கள். திருமண மொய்யை நினைத்துப் பணப்பையைத் தேட வேண்டாம், அது அவ்வூர் வணக்கம்.

நலம் விசாரிக்க, "ஹூ ஃகாட் எட் மெட் யூ?" இதிலுள்ள "யூ" என்பது ஆங்கிலச் சொல்லன்று, நம்முடைய "நீங்கள்" என்பதற்கு ஈடான மரியாதைச் சொல். "நீ" என்பதற்கு "யெ" அல்லது "யை" உண்டு. அலுவலகங்களில் மேலதிகாரியையும் "யெ" என்று அழைக்கிறார்களே என்று நம் பொறியாளர்கள் கேட்பார்கள். ஆம், சம வயதினரிடையே அது தாராளமாய்ப் புழங்குகிறது. முதியவரிடம் "யூ" என்று தொடங்குவதே பண்பு. அவர் வேண்டாம் என்றால் பின்பு விட்டுவிடலாம். ஜெபத்தில் தேவனை அவர்கள் "யூ" என்றே அழைப்பது வழக்கம். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளை வைத்துக்கொண்டு, அவற்றில் நடுப்படியை ஆண்டவருக்கென்று ஒதுக்கியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு படிகள் கடினமா?

கைகுலுக்குவதையும் கன்னத்தில் மூன்று முத்தங்களையும் பற்றிப் பலர் தயக்கத்தோடு கேட்கிறீர்கள். 2020 மார்ச் மாதத்தில், இனி ஒருவரும் கைகுலுக்க வேண்டாம் என்று அன்றைய பிரதமர் மார்க் ருட்டே அறிவித்து, அறிவித்த கையோடு அருகில் நின்ற அதிகாரியின் கையைக் குலுக்கிவிட்டுச் சிரித்ததை நீங்கள் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். பழக்கம் அவ்வளவு ஆழமானது. பெருந்தொற்றுக்குப் பின் மூன்று முத்தங்கள் குறைந்துவிட்டன. விரும்பாதவர்கள் கையை நீட்டினால் போதும். ஒருவரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

இனி, என் உள்ளத்தில் பாரமாயிருக்கும் பகுதிக்கு வருகிறேன். ரோமர் 12:15, சந்தோஷப்படுகிறவர்களுக்கும் அழுகிறவர்களுக்கும் நாம் செய்ய வேண்டியதை ஒரே மூச்சில் கற்பிக்கிறது. டச்சு மக்களின் வாழ்த்துகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பிறந்தநாள் வீட்டுக்குச் சென்றால், பிறந்தநாள் கொண்டாடுகிறவரிடம் மட்டும் "ஃகெஃபேலிசிடேர்ட்" என்று சொல்லி அமர்ந்துவிட முடியாது. வட்டமாய் அமர்ந்திருக்கும் தாயிடம், தந்தையிடம், பாட்டியிடம், உடன்பிறந்தாரிடம் எல்லாம் சென்று, உங்கள் மகளுக்காக, உங்கள் பேரனுக்காக உங்களுக்கு வாழ்த்துகள் என்று சொல்ல வேண்டும். முதன்முறை இதைக் காணும் நம்மவருக்குச் சிரிப்பு வரும். எனக்கோ இது வேதத்தோடு இசைந்த வழக்கமாகவே தோன்றுகிறது. ஒருவர் பிறந்ததற்காக அவர் வீட்டார் அனைவரையும் வாழ்த்துவது எவ்வளவு பொருத்தம்!

துக்கத்தின் சொற்களே நம்மிடம் இல்லை. நம் சபைச் சகோதரி ஒருவர் பதினொரு ஆண்டுகளாய் ஒரே அடுக்குமாடியில் வசிக்கிறார். எதிர்வீட்டில் வயது முதிர்ந்த தம்பதியர். பதினொரு ஆண்டுகளும் புன்னகை மட்டுமே. ஒரு நாள் காலையில் கீழே கருப்பு வாகனம் நின்றது. கணவரின் பெட்டியை இறக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மையார் கதவருகே தனியாக நின்றார். நம் சகோதரியும் தம் கதவருகே நின்றார். ஊரில் என்றால் ஓடிச்சென்று கட்டிப்பிடித்து அழுதிருப்பார். இங்கே என்ன சொல்வது, தொடலாமா கூடாதா என்று ஒன்றும் விளங்கவில்லை. கதவை மெல்லச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், பாஸ்டர்?" என்று கேட்டு அழுதார்.

சொல்ல வேண்டியது ஒரே சொல். "ஃகெகொண்டொலேர்ட்." உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன் என்பது பொருள். அதனுடன் "மெவ்ரவ்" என்று சேர்த்தால் "அம்மா" என்னும் மரியாதையும் சேர்ந்துவிடும். பிரியும்போது "ஸ்டெர்க்டெ" என்று சொல்லலாம். பலம் என்பது அதன் பொருள், உங்களுக்குப் பலம் உண்டாகட்டும் என்பது கருத்து. நோயுற்றவருக்கு "பேடெர்ஸ்ஃகப்". இவற்றை அன்று தொலைபேசியிலேயே பலமுறை சொல்லிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து, ஒரு அட்டையும் சிறு பூங்கொத்துமாய் அச்சகோதரி எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார்களாம். அம்மையார் ஒரு மணி நேரம் பேசினாராம். "எனக்குப் பாதிகூட விளங்கவில்லை, பாஸ்டர், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்" என்றார். இப்போது புதன்கிழமைகளில் போகிறார்.

அப்போஸ்தலனாகிய பவுல் வாழ்த்துகளை எவ்வளவு கவனமாய்க் கையாண்டார் என்பதை வேதபாடத்தில் நாம் பார்த்திருக்கிறோம். அக்காலத்துக் கிரேக்கர் தம் கடிதங்களை "கைரேயின்" என்னும் சொல்லால் தொடங்குவர். மகிழ்தல் என்பது அதன் நேர்ப்பொருள். யாக்கோபின் நிருபமும் அச்சொல்லோடே தொடங்குகிறது. பவுலோ அதற்கு ஒலியில் நெருங்கிய "காரிஸ்" என்னும் கிருபையை அவ்விடத்தில் வைத்து, எபிரெயர் ஒருவருக்கொருவர் சொல்லும் "ஷாலோம்" என்னும் சமாதானத்தையும் அதனோடு இணைத்தார். கிரேக்கனும் யூதனும் ஒரே வரியில் தன் வீட்டு வாழ்த்தின் ஓசையைக் கேட்டிருப்பார்கள்.

அப்போஸ்தலர் 21, 22ஆம் அதிகாரங்களையும் வாசியுங்கள். எருசலேமில் பிடிபட்ட பவுல், சேனாபதியிடம் கிரேக்கத்தில் பேசுகிறார், அவன் வியக்கிறான். பின்பு படிகளின்மேல் நின்று, தம்மைக் கொல்லத் துடித்த கூட்டத்தாரிடம் எபிரெயு பாஷையில் பேசத் தொடங்குகிறார். அவர்கள் இன்னும் அமைதியாகிறார்கள். அக்கூட்டத்தில் கிரேக்கம் விளங்கியவர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன். விளங்கும் மொழி வேறு, செவிசாய்க்க வைக்கும் மொழி வேறு. ஆங்கிலம் போதும் என்கிறவர்கள் அந்தப் படிக்கட்டின் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாரந்தோறும் என்னிடம் வரும் ஆட்சேபங்களையும் சொல்லத்தான் வேண்டும். வழியிலே ஒருவரையும் வாழ்த்த வேண்டாம் என்னும் கட்டளை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று ஒரு சகோதரர் கேட்டார். கீழ்த்திசை நாடுகளின் வழி வாழ்த்துகள் நெடுநேரம் நீள்பவை. அவசரப் பணிக்கு அனுப்பப்பட்டவர்கள் அதில் தாமதிக்கக் கூடாது என்பதே அங்கே கருத்து. அடுத்த வசனத்திலேயே, நுழையும் வீட்டுக்குச் சமாதானம் கூறும்படி சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்பது மற்றொரு கவலை. அது மெய்யான கவலைதான். ஆனால் தமிழ் தேய்வது வீட்டில் தமிழ் பேசாததினால். அம்மா அடுத்த வீட்டாருக்கு டச்சு மொழியில் வணக்கம் சொல்வதினால் அன்று. பத்து வயதுப் பிள்ளை மருத்துவரின் முன் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாய் அமர்ந்து, ஒரு பிள்ளை கேட்கக் கூடாத நோய் விவரங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சுமையைத் தாய் இறக்கிவைக்கத் தொடங்குவதும் ஒரு வணக்கத்தில்தான்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. "நாங்கள் வணக்கம் சொன்னாலும் சிலர் பதில் சொல்வதில்லை. பெயரைப் பார்த்தே வேலை மறுக்கிறார்கள். வீடு வாடகைக்குத் தர மறுக்கிறார்கள். இவர்களுக்கா நாங்கள் வாழ்த்துச் சொல்வது?" இவ்வாறு கேட்கிறவர்களின் காயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரு வாழ்த்து அந்த அநீதியை நீக்கிவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். அநீதியை அநீதி என்று உரியவர்களிடம் எழுதிக் கேட்போம். அதற்கு நானும் உடன் வருவேன். ஆனால் நாம் தொடங்கிய வசனம் எப்பகுதியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பதில் வருமா என்று பார்த்து வாழ்த்தும்படி ஆண்டவர் அங்கே சொல்லவில்லை.

இவ்விடத்தில் நம் சொந்த வரலாற்றின் ஓர் ஏடு நினைவுக்கு வருகிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அங்கே பணிசெய்த போதகர் பிலிப்புஸ் பால்டேயஸ், இந்நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். அவர் தமிழ் கற்றார். 1672இல் வெளிவந்த தம் நூலில் தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் டெல்ஃப்ட் என்பதே. பால்டேயஸின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அவருக்குப் பின்னால் கோட்டையும் பீரங்கியும் இருந்தன என்பதை மறைக்க முடியாது. 1796 வரை நீடித்த அந்த ஆட்சி நம் நாவில் விட்டுச்சென்ற சொற்களைப் பாருங்கள்: அலுவலகத்துக்குக் "கந்தோர்", காசுக்குத் "துட்டு", கழிவறைக்குக் "கக்கூசு". இவற்றுள் வாழ்த்துச் சொல் ஒன்றும் இல்லை. ஆளவந்தவர்கள் கந்தோரைத் தந்தார்கள்; அண்டை வீட்டாராய் வந்திருக்கும் நாம் அவர்களிடமிருந்து "ஃகூடெமோர்ஃகெனை" கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். பல நூலகங்களில் "டால்காஃபே" என்னும் மொழிச் சந்திப்பு நடைபெறுகிறது. தேர்வு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, காப்பி உண்டு. ஆனால் அதற்கும் முன்பே நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. நாம் ஆராதிக்கும் ஆலயம் நமக்குச் சொந்தமானதன்று. காலையில் டச்சுச் சபையார் ஆராதித்துச் சென்றபின் பிற்பகலில் அது நமக்குத் திறக்கப்படுகிறது. திறப்பவர் ஒரு முதியவர். "கொஸ்டெர்" என்று அவரை அழைக்கிறார்கள். திருநெல்வேலிச் சபைகளில் கோவில்பிள்ளை செய்யும் பணி அவருடையது. குளிர்காலத்தில் நமக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து ஆலயத்தைச் சூடேற்றி வைக்கிறார். நாம் நுழைகையில் வாசலருகே நிற்கிறார். நாம் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லியபடி அவரைக் கடந்து செல்கிறோம். ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி கற்றுக்கொடுத்த "வணக்கம்" என்னும் சொல்லை அவர் சில மாதங்களாய் நம்மில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வழக்கம்போல் 2 மணிக்கு. 1.30 மணிக்கே வரக்கூடியவர்கள் வாருங்கள். வாலிபர்கள் பின்மண்டபத்தில் சொற்களைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்து, பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மூட்டுவலியுள்ள தாய்மாருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அது பிற்பகல் நேரம். ஆகவே "ஃகூடெமிடஃக், மெனேர்" என்பதே நாம் கொஸ்டெர் ஐயாவிடம் சொல்ல வேண்டியது. வயதில் மூத்தவராதலால் "யூ" என்றே பேசுங்கள். தொண்டை ஒலி சரியாய் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அவர் லிம்பர்க் பகுதியைச் சேர்ந்தவர், அவருக்கே அது மென்மையாய்த்தான் வரும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்